விளக்கை ஏற்றும் முன் ஒரு கேள்வி



போன பதிவில் மிளகுக் கொடியைப் பற்றி எழுதினேன். "சார், அடுத்தது பலாவா?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். பலா காத்திருக்கட்டும். இன்றைக்கு எழுதப்போவது உருளையைப் பற்றி. ஆமாம், கயிறு ஓடுகிற உருளைதான். சிரிக்காமல் படியுங்கள். கொஞ்சம் நீளமான பதிவு. வேலை முடித்துவிட்டு நிதானமாக உட்கார்ந்து படித்தால் போதும்.

எழுதக் காரணம் இருக்கிறது. நம் பக்கத்துக் கூட்டு ரோட்டில் உயரமான விளக்கு ஒன்று வரப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. நம் குழுவில் ஒரு தம்பி, "செம்மேட்டுப் பஸ் ஸ்டாண்டு மாதிரி நம்ம ரோடும் பகல் போல இருக்கும்" என்று போட்டிருந்தார். எனக்கும் சந்தோஷம்தான். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பனிமூட்டம் இறங்கினால் எதிரே வருவது ஆளா மாடா என்று தெரியாத ரோடு அது. கடைசிப் பஸ்ஸில் இறங்குகிற பெண் பிள்ளைகள் செல்போன் வெளிச்சத்தில் வீட்டுக்கு நடக்கிறார்கள். விளக்கு கட்டாயம் வேண்டும்.

ஆனால் விளக்கு வருகிறது என்றால் எத்தனை வாட்ஸ், எவ்வளவு உயரம், யார் வந்து திறந்து வைப்பார்கள் என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். நான் கேட்கச் சொல்வது வேறு ஒன்று. இந்த விளக்கு கெட்டுப்போனால் அதைக் கீழே இறக்க என்ன வழி? அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு மனிதனின் கை இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் பழைய பாடம் ஒன்றை நினைவுபடுத்துகிறேன். எளிய எந்திரங்கள்: நெம்புகோல், சாய்தளம், கப்பி. புத்தகத்தில் கப்பிக்குக் கிணற்றுப் படம்தான் போட்டிருக்கும். நம் மலையில் கிணறு குறைவு, ஊற்றுத் தண்ணீரும் ஓடைத் தண்ணீரும்தான். கீழ்நாட்டுப் பிள்ளைக்கு ராட்டினம் என்றால் உடனே புரியும். நம் உண்டு உறைவிடப் பள்ளிப் பிள்ளைகளில் பாதிப் பேர் கிணற்று ராட்டினத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. அதனால் அந்தப் பாடத்துக்கு உங்களை வகுப்பை விட்டு வெளியே கூட்டிக்கொண்டு போய்க் கொடிக்கம்பத்தின் உச்சியைக் காட்டுவேன். கீழே நின்று கயிற்றைக் கீழ்நோக்கி இழுக்கிறோம், கொடி மேலே போகிறது. நிலையான கப்பி பாரத்தைக் குறைக்காது. 10 கிலோவைத் தூக்க 10 கிலோ அளவுக்கு இழுத்துத்தான் ஆக வேண்டும், உராய்வுக்குக் கொஞ்சம் கூடவும் வேண்டும். திசையை மட்டும் அது மாற்றித் தருகிறது.

"திசையை மாத்தி என்ன சார் லாபம்?" என்று ஒரு பையன் கேட்டான். இன்று அவன் பெரிய குடும்பஸ்தன். அன்றைக்கு நான் சொன்ன பதில்: "லாபம் என்னன்னா, நீ கம்பத்து மேல ஏற வேண்டாம்." வகுப்பே சிரித்தது. யோசித்துப் பார்த்தால் உருளையின் முழு மகிமையும் அதற்குள் அடங்கிவிடும். உயரத்தில் நடக்க வேண்டிய வேலையை அது தரைக்குக் கொண்டுவருகிறது.

கரண்டு வராத காலத்தில் திருவிழாக் கூத்து நடந்த இடங்களை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெட்ரோமாக்ஸ் விளக்கை மூங்கில் உச்சியில் கட்டி வைத்துவிட மாட்டார்கள். மரக்கிளை மேல் கயிற்றைப் போட்டு, ஒரு நுனியில் விளக்கு, மறுநுனி கீழே ஒரு முளையில். ஏனென்றால் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை அதில் காற்று இறங்கும், வெளிச்சம் மஞ்சளாகும். கயிற்றை அவிழ்த்து இறக்கி, பம்ப் அடித்து, மறுபடி ஏற்றுவார்கள். அங்கே மரக்கிளைதான் உருளை. அடிக்கடி இறக்க வேண்டிய விளக்கை இறக்கத் தோதாகவே கட்ட வேண்டும் என்று படிக்காத பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

உலகம் முழுவதும் தெருவிளக்கின் கதை இப்படித்தான் தொடங்கியது. 1667-இல் பாரிஸ் நகரத்தில் லா ரெய்னி என்ற காவல் தலைவர் தெருக்களுக்கு விளக்குப் போட ஏற்பாடு செய்தார். கண்ணாடிக் கூண்டுக்குள் மெழுகுவர்த்தி. இரண்டு பக்கத்து வீடுகளுக்கும் குறுக்கே கயிறு கட்டி, தெருவின் நடுவில் கூண்டைத் தொங்கவிட்டார்கள். கயிற்றின் நுனி உருளை வழியாகச் சுவரோரம் இறங்கி வரும். விளக்கேற்றுபவர் அதைத் தளர்த்தி, கூண்டை இறக்கி, திரியைப் பார்த்து, மறுபடி ஏற்றிக் கட்டுவார். நூறு ஆண்டு கழித்து மெழுகுவர்த்தி போய் எண்ணெய் விளக்கு வந்தது. கயிறும் உருளையும் அப்படியே இருந்தன.

மின்சாரம் வந்தபோது உருளையின் வேலை இன்னும் கூடியது. முதலில் தெருவுக்கு வந்தது நாம் இப்போது பார்க்கும் பல்பு இல்லை, ஆர்க் விளக்கு. இரண்டு கரிக்குச்சிகளுக்கு நடுவில் மின்பொறி தொடர்ந்து எரியும். வெல்டிங் பட்டறையில் கண்ணைக் கூச வைக்கிற அதே வெளிச்சம். 1879 ஏப்ரல் 29 அன்று அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் நகரச் சதுக்கத்தில் சார்லஸ் பிரஷ் என்பவர் 12 ஆர்க் விளக்குகளை ஏற்றிக் காட்டினார். எரிய எரியக் கரிக்குச்சி தேயும், ஒன்றிரண்டு ராத்திரிக்கு மேல் தாங்காது. நகரம் முழுக்க நூற்றுக்கணக்கான விளக்குகள் என்றால், அத்தனைக்கும் நாள் தவறாமல் குச்சி மாற்ற வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஏணி போட்டு ஏறினால் விடிந்துவிடும். ஆகவே கம்பத்து உச்சியிலோ, தெருவின் குறுக்கே கட்டிய கம்பியிலோ உருளை போட்டு, விளக்கை இறக்கிக் குச்சி மாற்றினார்கள்.

இங்கே ஒரு புதுச் சிக்கல் வந்தது. அந்த ஆர்க் விளக்குகள் எல்லாம் தொடர் இணைப்பு. ஓரி விழாவில் செம்மேட்டுக் கடைகளில் சீரியல் செட் தொங்குமே, அதுபோல. பழைய சீரியல் செட்டில் ஒரு பல்பைக் கழற்றினால் வரிசையே அணைந்துவிடும். தெருவிலும் அதே கதைதான். ஒரு விளக்கைக் கழற்றினால் அந்த வரிசைத் தெருக்கள் எல்லாம் இருட்டாகிவிடும். அதோடு அந்தக் கம்பியில் ஓடியது நம் வீட்டு 230 வோல்ட் இல்லை, ஆயிரக்கணக்கான வோல்ட். விளக்கை இறக்கித் தொட்டவன் பிழைக்க மாட்டான்.

அதற்கு உருளையிலேயே வழி கண்டுபிடித்தார்கள். விளக்கு மேலே போய் உட்காரும் இடத்தில் இரண்டு உலோகத் தாடைகள். விளக்கின் தலையில் இரண்டு உலோக நாக்குகள். விளக்கை மேலே இழுத்தால் நாக்கு தாடைக்குள் புகுந்து எரியும். கயிற்றைத் தளர்த்தி இறக்கினால் நாக்கு தாடையை விட்டு விலகும். விலகிய அந்த நொடியில் தாடைகள் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மின்சாரம் அந்த வழியாகத் தாண்டி அடுத்த விளக்குக்குப் போய்விடும், மற்றவை அணையாது. இறங்கி வருகிற விளக்கில் உயிர் இருக்காது. சுவிட்சை அணைத்தாயா, ஃபியூஸைப் பிடுங்கினாயா என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. இறக்கினாலே கரண்டு துண்டாகிவிடும்.

எனக்கு இதில் பிடித்தது அதன் எண்ணம். "ஜாக்கிரதையாக வேலை செய்" என்று தொழிலாளிக்கு அறிவுரை சொல்லி விட்டுவிடாமல், அவன் மறந்தாலும் சாகாதபடி சாமானைச் செய்திருக்கிறார்கள்.

இப்படியெல்லாம் யோசிக்காத இடங்களில் என்ன நடந்தது என்பதற்கும் சாட்சி உண்டு. 1889 அக்டோபர் 11, நியூயார்க். ஜான் ஃபீக்ஸ் என்ற தந்திக் கம்பித் தொழிலாளி கம்பத்தில் ஏறி, கொசகொசவென்று பின்னிக் கிடந்த கம்பிகளுக்கு நடுவில் வேலை செய்துகொண்டிருந்தார். அவர் தொட்டது குறைந்த மின்சாரம் ஓட வேண்டிய தந்திக் கம்பி. ஆனால் அது எங்கோ ஓரிடத்தில் உயர் அழுத்தக் கம்பியோடு உரசியிருந்தது. பட்டப்பகலில் கூட்டம் பார்த்துக்கொண்டிருக்க, கம்பிகளின் மேலேயே அவர் உயிர் போனது. அதற்குப் பிறகுதான் மேல்நிலைக் கம்பிகளை வெட்டிவிட்டு மண்ணுக்கடியில் கொண்டுபோகும் வேலை அந்த ஊரில் வேகம் பிடித்தது.

நம் பக்கம் வருவோம். பெங்களூரில் 1905 ஆகஸ்ட் 5 அன்று மின் தெருவிளக்கு எரிந்தது. அந்த மின்சாரம் 1902-இல் கோலார் தங்கவயலுக்காகத் தொடங்கிய சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து வந்தது. அங்கே விழுந்து ஓடும் காவிரிதான் பிறகு நம் மோகனூரையும் தொட்டுப் போகிறது. காலம் போகப் போக ஆர்க் விளக்குகள் மறைந்தன. பல்பு, குழல்விளக்கு, சோடியம் விளக்கு, இப்போது எல்.இ.டி. நாள்தோறும் குச்சி மாற்றும் வேலை ஒழிந்தது. உருளையும் பெரும்பாலும் ஒழிந்தது. கம்பத்தில் இரும்புக் குழாயை வளைத்து நிரந்தரமாக விளக்கை முடுக்கிவிட்டார்கள். எப்போதோ ஒருமுறை கெடும், அப்போது யாராவது ஏணி போட்டு ஏறிக்கொள்ளட்டும் என்பது கணக்கு.

அந்த "யாராவது" யார்? நம் கிராமங்களில் தெருவிளக்குப் பராமரிப்பு ஊராட்சியின் பொறுப்பு. பெரும்பாலும் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏற்றி விடுகிறவரே பல்பு மாட்டவும் ஏறுவார். நமக்கெல்லாம் தெரிந்த ஆள், நம் மாமனோ மச்சானோதான். மூங்கில் ஏணி, இடுப்பில் ஒரு கயிறு, பல்லில் டெஸ்டர். பனி பெய்து கம்பம் நனைந்திருக்கும். பக்கத்தில் சில்வர் ஓக் கிளை கம்பியில் உரசிக்கொண்டிருக்கும்.

தெருவின் குறுக்கே கம்பி கட்டி விளக்குத் தொங்கவிடும் முறை உலகத்தில் இன்னும் இருக்கிறது. டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரத்தில் தெருக்கள் பலவற்றில் விளக்குகள் அப்படித்தான் தொங்குகின்றன. நடைபாதையில் கம்பம் இல்லை, வெளிச்சம் ரோட்டின் நடுவில் விழுகிறது. ஒருபுறம் மேடு, மறுபுறம் பள்ளம், கம்பம் நட இடமில்லாத நம் மலை ரோட்டுக்கும் இது தோதாயிற்றே என்று உங்களில் சிலருக்குத் தோன்றும். தோன்றினால் நல்லது. ஆனால் அதற்கும் ஒரு கணக்கு உண்டு, வாருங்கள், கரும்பலகைக்கு.

20 மீட்டர் இடைவெளியில் இரண்டு கம்பம். நடுவில் 10 கிலோ விளக்கு. கம்பி நடுவில் 1 மீட்டர் தொய்ந்திருந்தால், ஒவ்வொரு கம்பத்தையும் அது ஏறக்குறைய 50 கிலோ விசையில் இழுக்கும். "தொய்வு அசிங்கமாக இருக்கிறது" என்று இழுத்துக் கட்டித் தொய்வை அரை மீட்டர் ஆக்கினால் இழுவை 100 கிலோ. கால் மீட்டர் ஆக்கினால் 200 கிலோ. விளக்கு அதே 10 கிலோதான். வீட்டில் துணி காயப்போடும் கொடிக்கயிற்றை விறைப்பாகக் கட்டினால் ஈரப் போர்வை போட்டதும் ஆணி பிடுங்கிக்கொண்டு வருகிறதே, அதே கதை. ஆகவே தொய்வு இருக்க வேண்டும், கம்பத்துக்கு இழுகம்பி வேண்டும், மரத்தை ஒருக்காலும் கம்பமாக நினைக்கக் கூடாது. மரம் காற்றில் ஆடும், ஆடினால் தொய்வு மாறும், மாறினால் கம்பி அறும்.

அந்த முறைக்கென்று செய்த உருளைகளில் ஒரு நுணுக்கம் உண்டு. விளக்கின் பாரத்தை இரவும் பகலும் கயிறே தாங்கிக்கொண்டிருந்தால் கயிறு ஒரே இடத்தில் மடிந்து நைந்துபோகும். அதனால் உச்சியில் ஒரு கொக்கி வைத்தார்கள். கயிற்றை முழுக்க இழுத்துத் தளர்த்தினால் விளக்கு கொக்கியில் மாட்டிக்கொள்ளும், கயிற்றுக்கு ஓய்வு. மறுபடி ஒரு இழு இழுத்துவிட்டால் கொக்கி விடும், விளக்கு இறங்கும். பட்டன் பேனாவை ஒருமுறை அழுத்தினால் முள் வெளியே, இன்னொருமுறை அழுத்தினால் உள்ளே. அதே தந்திரம்தான்.

இப்போது நம் கூட்டு ரோட்டுக்கு வரும் விளக்கு. உயர்கோபுர மின்விளக்கு, நம் பேச்சில் ஹைமாஸ்ட். பஸ் ஸ்டாண்டிலும் நாலு ரோட்டிலும் பார்த்திருப்பீர்கள். அடியில் பெருத்து மேலே சிறுத்துப்போகும் கம்பம், 12 மீட்டர், 16 மீட்டர், 20 மீட்டர், இன்னும் உயரமாகவும் உண்டு. உச்சியில் ஒரு வளையம், அதைச் சுற்றி விளக்குகள். பெரிய கம்பத்தில் அந்த வளையம் நிரந்தரமாக முடுக்கப்பட்டது இல்லை. துருப்பிடிக்காத எஃகுக் கம்பிக் கயிறுகளில் தொங்குகிறது. கயிறுகள் உச்சியில் உள்ள உருளைகள் மேல் ஏறி, கம்பத்தின் உள்ளே இறங்கி, அடியில் ஒரு சுருள் உருளையில் போய்ச் சுற்றிக்கொள்கின்றன. அதைத்தான் வின்ச் என்பது. கம்பத்தின் அடியில் ஒரு சின்னக் கதவு பார்த்திருப்பீர்கள், அதற்குள்தான் இருக்கிறது. அதன் பல்சக்கரம் தானாகப் பின்னோக்கி ஓடாத வகை, கையை எடுத்தாலும் வளையம் கீழே விழாது. கைப்பிடி போட்டோ மோட்டார் போட்டோ சுற்றினால் வளையம் மெல்ல மெல்லத் தரைக்கு வரும். அதற்கு முன் அடியில் இருக்கும் பிளக்கைக் கழற்ற வேண்டும். பாரிஸ் தெருவில் 350 வருடத்துக்கு முன் இருந்த அதே கயிறும் உருளையும்தான் கம்பத்துக்குள் ஒளிந்திருக்கிறது.

"எல்.இ.டி. தான் கெடவே கெடாதே, இறக்க வேண்டிய தேவை என்ன?" என்று கேட்பீர்கள். 50,000 மணி நேரம் என்று அட்டையில் போட்டிருப்பார்கள். ராத்திரிக்கு 12 மணி நேரம் என்றால் ஒரு வருடத்துக்கு 4,380 மணி நேரம். அப்படியானால் 11 வருடம் வர வேண்டும். வெளிச்சம் தரும் பொட்டுகள் வரலாம். ஆனால் அதற்கு மின்சாரத்தைப் பக்குவப்படுத்தித் தருகிற பெட்டி ஒன்று கூடவே இருக்கிறது. நம் மலையில் சித்திரை, வைகாசியில் இடி இடித்தால் அந்தப் பெட்டிதான் முதலில் போகும். ஈரம் புகுந்து இணைப்புகள் பச்சை பூக்கும். இறக்கும் நாள் கட்டாயம் வரும்.

வரும்போது வின்ச் சுற்ற வேண்டும். மூன்று வருடம் யாரும் திறக்காத கதவு, யாரும் கிரீஸ் வைக்காத வின்ச், சுற்றுமா?

இங்கேதான் அந்தக் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் தங்கை மகனைச் சொந்தக்காரர்களுக்கு எல்லாம் தெரியும். அவனிடம் கேட்டு, அவன் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். ஊர் பெயரும் வேலை கொடுத்தவர் பெயரும் வேண்டாம் என்றான், எழுதவில்லை. கீழே ஒரு டவுனில் ஒப்பந்த வேலைக்குப் போயிருந்தான். நாலு ரோட்டில் ஒரு உயர்கோபுர விளக்கு மாதக்கணக்கில் எரியவில்லை. விளக்கை மாற்றப் புது விளக்கு வந்து இறங்கிவிட்டது. வளையத்தை இறக்கப் பார்த்தால் முக்கால் உயரத்தில் சாய்ந்து நின்றுவிட்டது. மூன்று கயிறுகளில் ஒன்று உருளையின் பள்ளத்தை விட்டு நழுவி, உருளைக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. உருளை துருவேறிச் சுற்றாமல் நின்றிருக்கிறது. சுற்றாத உருளை மேல் கயிறு தேய்ந்து தேய்ந்து விலகியிருக்கிறது.

ஆளைத் தூக்கிவிடும் கூண்டு வண்டி கேட்டால் வாடகை அதிகம். ஆகவே லாரி மேல் ஏணி வைத்து, அவன்தான் இளவட்டம், உடம்பு லேசு, மலைக்காரன், மரம் ஏறிப் பழக்கம் என்று அவனை ஏற்றினார்கள். கடப்பாரைக் கம்பியால் கயிற்றை நெம்பினான். கயிறு பள்ளத்தில் விழுந்தது. அந்த வேகத்தில் சாய்ந்திருந்த வளையம் ஒரு சாண் சடாரென்று நேரானது. இடது கை வளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில். இரண்டு விரல் போயிற்று. இடுப்புக் கயிறு இருந்ததால் ஆள் தப்பினான்.

அடுத்த நாள் அந்த வளையத்தைத் தரைக்குக் கொண்டுவந்து, கீழே நின்றபடி கொஞ்ச நேரத்தில் விளக்குகளை மாற்றிவிட்டார்களாம். இதை அவனே எனக்குச் சொன்னபோது அவன் குரலில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னான்: "மாமா, மேல ஏத்தி விட ஆள் மலிவா கிடைக்கிற வரைக்கும் உருளைக்கு எவனும் கிரீஸ் வைக்கமாட்டான்."

நான் எத்தனையோ வருடம் கப்பி பாடம் நடத்தியிருக்கிறேன். அந்த ஒரு வாக்கியம் என் பாடத்தில் இல்லாதது. உருளை ஏன் இருக்கிறது என்று நான் சொல்லிக்கொடுத்தேன். அது ஏன் சுற்றாமல் நின்றுபோகிறது என்று அவன் சொன்னான். கிரீஸ் டப்பா விலைக்கும் கூண்டு வண்டி வாடகைக்கும் கணக்குப் பார்க்கிறவர்கள் ஒரு பையனின் விரலுக்குக் கணக்குப் போடுவதில்லை. "மலைக்காரன், மரம் ஏறுவான்" என்ற சொல்லிலேயே நம் பிள்ளைகளின் விலை அடங்கிவிடுகிறது. மிளகு பறிக்க ஏணியில் ஏறும் பிள்ளைதான் அவன், அதை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். அந்தத் திறமையை இன்னொருவர் சிக்கனத்துக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

இப்போது அவன் எட்டு விரலோடு மிளகும் காப்பியும் பார்த்துக்கொண்டு நன்றாகவே இருக்கிறான். பரிதாபப்பட்டு யாரும் அவனுக்குப் போன் போட வேண்டாம், அவனுக்குப் பிடிக்காது. அதற்குப் பதிலாக ஒரு காரியம் செய்யுங்கள்.

வரும் கிராம சபைக்கு ஊரில் இருப்பவர்கள் எல்லோரும் வாருங்கள். இப்போது வருடத்துக்கு 6 நாள் நடக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. விளக்கு வேண்டும் என்ற தீர்மானத்தோடு சேர்த்து இந்த நான்கையும் எழுத்தில் கேட்போம். சண்டைக்காக இல்லை, நிதானமாக, மரியாதையாக.

ஒன்று. வரப்போவது இறக்கி ஏற்றும் வகையா, நிரந்தரமாக முடுக்கிய வகையா? குட்டையான கம்பங்களில் சிலவற்றுக்கு வின்ச் இருக்காது, விலை குறைவு. அப்படி வந்தால் ஏற ஆள் வேண்டும், அல்லது கூண்டு வண்டி 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வர வேண்டும். எது வரும் என்று உங்களுக்கே தெரியும்.

இரண்டு. இறக்கும் வகை என்றால் அதைச் சுற்றும் மோட்டாரும் கைப்பிடியும் யாரிடம் இருக்கும்? கதவின் சாவி யாரிடம்? கைப்பிடி கீழே ஏதோ ஓர் அறையில் பூட்டிக் கிடந்தால் வின்ச் இருந்தும் இல்லாதது போலத்தான்.

மூன்று. வருடத்துக்கு ஒருமுறையாவது, மழைக்காலத்துக்கு முன், விளக்கு கெட்டாலும் கெடாவிட்டாலும் வளையத்தைத் தரை வரை இறக்கிப் பார்ப்பார்களா? உருளை சுற்றுகிறதா, வின்சில் கிரீஸ் இருக்கிறதா, கயிறு நைந்திருக்கிறதா என்று பார்த்துத் தேதியோடு எழுதி வைப்பார்களா? பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேடு இருக்கிற மாதிரி விளக்குக்கும் ஒரு நோட்டு இருக்கட்டும்.

நான்கு. இறக்க முடியாமல் சிக்கிக்கொண்டால், கூண்டு வண்டி வரும் வரை ஊர் இருட்டில் இருக்கச் சம்மதம், எந்தப் பையனையும் ஏற்றக் கூடாது என்று நாமே தீர்மானம் போடத் தயாரா? இது அவர்களிடம் கேட்கும் கேள்வி இல்லை. நம்மிடமே கேட்டுக்கொள்வது. "எப்பத்தான் சரி பண்ணுவீங்க" என்று நாம் போடும் சத்தமும் சேர்ந்துதான் ஒரு ஆளை மேலே ஏற்றுகிறது.

திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளில் வேலை பார்த்தவர்கள் நம் மாணவர்களில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நாமக்கல் லாரி பாடி கட்டும் பட்டறைகளிலும் இருக்கிறீர்கள். கம்பிக் கயிறும் உருளையும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். உருளையின் பள்ளம் கயிற்றுக்குச் சரியான அளவு இருக்க வேண்டும், அகலமானால் கயிறு நசுங்கும், குறுகினால் கடிபடும் என்பதை ஊருக்குச் சொல்லுங்கள். சின்ன உருளையில் தடித்த கயிறு ஓடினால் மடிந்து மடிந்து கம்பி முறியும் என்பதையும் சொல்லுங்கள். நின்றுகொண்டிருக்கும் கயிற்றின் மேல் பழைய துணியை வைத்துத் தடவினால், நூல் மாட்டும் இடத்தில் கம்பி அறுந்திருக்கிறது என்று அர்த்தம். வெறுங்கையால் தடவினால் ஊசி மாதிரி ஏறிவிடும். வளையம் இறங்கும்போது அடியில் யாரும் நிற்கக் கூடாது என்பதைச் சின்னப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். முதல் தடவை வளையத்தை இறக்கும் நாளில் உங்களில் இரண்டு பேராவது விடுமுறை போட்டு வந்து கூட நின்றால், அதைவிடப் பெரிய குருதட்சிணை எனக்கு வேண்டாம்.

இப்போது பள்ளியில் வேலை பார்க்கும் ஆசிரியத் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வேண்டுகோள். அந்த வளையம் இறங்கும் நாளில் பிள்ளைகளைத் தூரத்தில் வரிசையாக நிறுத்தி வேடிக்கை காட்டுங்கள். கரும்பலகையில் வட்டம் போட்டுக் கப்பி சொல்லித்தருவதைவிட அது நன்றாக மனதில் நிற்கும். 16 மீட்டர் உயரத்தில் இருந்த விளக்கு இடுப்பு உயரத்துக்கு வந்து நிற்பதைப் பார்த்த பிள்ளை, நாளைக்கு எங்கே வேலைக்குப் போனாலும், "நான் ஏன் ஏறணும், அது இறங்காதா?" என்று கேட்கும். அந்தக் கேள்வி கேட்கத் தெரிந்தால் அந்தப் பாடம் முடிந்தது.

கிராம சபைக்கான மனுவை எழுதி வைத்திருக்கிறேன். ஊரில் இருப்பவர்கள் வீட்டுக்கு வந்து கையெழுத்துப் போடலாம். வெளியூரில் இருப்பவர்கள் உங்கள் அப்பா அம்மாவிடம் சொல்லி அனுப்புங்கள். வரும்போது யாராவது நாமக்கல்லிலிருந்து நல்ல கிரீஸ் டப்பா ஒன்று வாங்கி வாருங்கள். பள்ளிக் கொடிக்கம்பத்து உருளை போன சுதந்திர தினத்தில் கிறீச்சென்று கத்தியதாகக் கேள்விப்பட்டேன்.

எல்லோரும் நலமாக இருங்கள். அடுத்த பதிவு பலாவைப் பற்றித்தான், சத்தியமாக.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்,
வாழவந்தி நாடு.